மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

போன வாரம் தாண்டவராயனைக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டபடியே விட்டுவிட்டு நான் கிளம்பிவிட்டேன். ‘முதலில் அந்த மனுஷனை வெளியே கொண்டுவந்துவிட்டு மறு வேலை பாருங்கள்’ என்று வாசகிகள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபம் நியாயம்தான். அவர் வெளியே வந்துவிட்டார். ஆனால் சும்மா வரவில்லை, ஒரு நிபந்தனையோடு வந்தார்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பிள்ளைப்பாக்கத்துத் தாண்டவராயன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். சிறுநீர் போவதில் இருந்த தொல்லையை ஒரு வருஷம் மனைவி சரோஜாவிடமே மறைத்த சூரர். கடைசியில் மகள் கவிப்பிரியாதான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று பயாப்ஸி சொல்லிவிட்டது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நோய் அந்தச் சுரப்பிக்குள்ளேயே அடங்கி இருக்கிறதா, பக்கத்திலிருக்கும் நெறிகளுக்குத் தாவிவிட்டதா என்று பார்ப்பதற்கு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே நெறிதான். அடிவயிற்றுக்குள்ளும் அவை இருக்கின்றன.

ஸ்கேன் என்றதும்தான் மனுஷன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

“வரேன்,” என்றார் வெளியே வந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி. “ஆனா ஒண்ணு. நெறியில பரவிக்கீதுன்னு தெரிஞ்சா ஆபரேசன் கிடையாது. அதுக்கு மேல ஒருத்தரும் எங்கிட்ட பேசக் கூடாது. கையில அடிச்சி சத்தியம் பண்ணு.”

பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனிக்காரர்களுக்கு நிலம் கைமாறிய நாட்களில்கூடப் பத்திரத்தைவிட இந்தக் கையடிக்குத்தான் மரியாதை அதிகம். அடித்துவிட்டு வார்த்தை மாறினவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

கவிப்பிரியாவுக்கு வேறு வழி தெரியவில்லை. முதலில் இவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கட்டும் என்று நினைத்தாள். அப்பாவின் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள்.

*

ஸ்கேன் அன்றைக்கும் தாண்டவராயன் பஸ்ஸை எடுத்தார். ஸ்கேனுக்கான மருந்து ஊசி போடப்போவது பத்து மணிக்கு மேல்தானாம், அதற்குள் முதல் ஷிப்டை இறக்கிவிட்டு வந்துவிடுவாராம். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவது காவேரி. கவிப்பிரியா வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருப்பவள். நல்ல பெண்தான், வாயை மூட மட்டும் தெரியாது.

“அண்ணா, கவிய எக்ஸ்ரே ரூம்லேர்ந்து எடுத்துட்டாங்களாமே?”

“இன்னா சொல்ற?”

“தெரியாதா? ஒரு வாரமா பேக்கிங்லதான் நிக்குது. லீவு மேல லீவு போட்டுக்கினு இருந்தா வேற இன்னா பண்ணுவாங்க? பாவம், உங்க ஒடம்புக்காகத்தான அது லீவு போட்டுச்சி.”

வேகத்தடையில் பஸ் குதித்தது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துத் திட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அவர் வேகத்தடையைப் பார்க்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

கவியின் எக்ஸ்ரே வேலை என்றால் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அலுமினிய வார்ப்புகளுக்குள் காற்றுக்குமிழ் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று திரையில் பார்த்துச் சொல்கிற வேலை அது. கல்யாண வீடுகளில் ‘எம் பொண்ணு எக்ஸ்ரே எடுக்குது’ என்று இவர் பீற்றிக்கொள்வார். அதைக் கேட்டுவிட்டு நாலு பேர் மூட்டுவலிக்கு மருந்து கேட்டுக் கவியிடம் வருவார்கள். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். தலையில் அடித்துக்கொள்வது அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அந்த அறையிலிருந்து அவளைத் தூக்கிப் பெட்டி ஒட்டப் போட்டுவிட்டார்கள். அவரால்தான், அவர் வியாதியால்தான். அவருக்கு நெஞ்சு எரிந்தது.

‘ஒரு பொட்டு தெரியட்டும், ஒரே ஒரு பொட்டு,’ என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நினைத்துக்கொண்டார். ‘அதோட இந்த ஆஸ்பத்திரி சங்காத்தமே வேணாம். பொண்ணு பொழப்பையாவது பாக்கட்டும்.’

*

போரூர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவருடன் வந்தது கவிப்பிரியா. வருவதாக இருந்தது அவள் கணவன் ராஜசேகர். இருங்காட்டுக்கோட்டையில் அவனுடைய லைனில் ஷிப்டு மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. கடைசி நேரத்தில் போனில் கெஞ்சினான்.

“நீ போவாத கவி. நாளைக்கு மாத்திக்கலாம்.”

“மறுபடியும் நைனா பாத்ரூம்ல போய் பூந்துக்கும். நானே போறேன். எனக்குத் தெரியும் எங்க நிக்கணும்னு.”

வழியெல்லாம் தாண்டவராயன் வாயே திறக்கவில்லை. பயத்தில் இருக்கிறார் என்று கவி விட்டுவிட்டாள்.

ஸ்கேன் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. நீளமான நடை, அதன் நடுவில் தரையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். கூட ஒருவர் வரலாம் என்றாள்.

தாண்டவராயன் கோட்டைத் தாண்டி நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கவி கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

“வா.”

“நீ போ நைனா. நான் இங்கயே இருக்கேன்.”

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்தது.

“ஏன், உள்ள வர்றதுக்கும் சூப்பர்வைசர்கிட்ட பர்மிசன் வாங்கணுமா? என்னால உன்னை எக்ஸ்ரே ரூம்லேர்ந்து தூக்கிட்டாங்க. காவேரி எல்லாம் சொல்லிச்சி. எங்கிட்ட ஏன் மறைச்ச? வேணாம்மா. இந்த ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா, வூட்டுக்குப் போலாம்.”

நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரும் என்னைத் தூக்கல,” என்றாள் கவி, குரலைத் தாழ்த்தி. “நானே கேட்டு மாத்திக்கினேன்.”

“எதுக்கு?”

அவள் சுவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மஞ்சள் பலகை ஒன்று மாட்டியிருந்தது. மூன்று இதழ் போட்ட கறுப்புச் சின்னம். அதன் கீழே தமிழில் பெரிய எழுத்து.

‘கதிர்வீச்சுப் பகுதி. கர்ப்பிணிகள் இந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.’

தாண்டவராயன் அதை ஒரு தடவை படித்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பலகையைப் படித்தார்.

“எங்க எக்ஸ்ரே ரூம் வாசல்லயும் இதே போர்டுதான் நைனா,” என்றாள் கவி. “அதான் கம்பெனியில மட்டும் சொல்லி வேற எடத்துக்கு மாத்திக்கினேன். எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லல.”

“உங்கம்மாவுக்கு?”

“இல்ல. ரெண்டு தபா சொல்லி, ரெண்டு தபாவும் தங்கல. ஊரே வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சி. அம்மா எம்மாநாள் சாப்பிடாம கெடந்துச்சின்னு உனக்குத் தெரியாதா? இந்த தபா மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன்.”

காலையிலிருந்து அவர் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது சந்தோஷமா பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“சிஸ்டர், இப்ப நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போலாமா?” என்று நர்ஸிடம் கேட்டார்.

“ஊசி இன்னும் போடலையே, தாராளமா போங்க. அந்த மருந்துலயே கதிர்வீச்சு இருக்கு, போட்டுட்டா அப்புறம் இன்னைக்குப் பூரா இவங்க பக்கத்துல உட்காரக் கூடாது. சின்னக் குழந்தைங்க பக்கத்துலயும்தான்.”

அவர் திரும்பி வந்தார். மகள் தலையில் கை வைக்க வேண்டும் என்றுதான் வந்தார். வளர்ந்த பெண்ணின் தலையில் எப்படிக் கை வைப்பது என்று தெரியவில்லை. அவள் தோளிலிருந்து நழுவியிருந்த பையை மேலே ஏற்றிவிட்டார்.

“பசியோட இருக்காத. மேல கேன்டீன் கீது, போய் உக்காரு,” என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

*

ஊசி போட்ட பிறகு மருந்து உடம்பெல்லாம் பரவ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனி அறை, ஒரு நாற்காலி, குடிக்கச் சொல்லிக் கொடுத்த தண்ணீர் பாட்டில். புற்றுநோய் எங்கே இருக்கிறதோ அங்கே போய் இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும், ஸ்கேனில் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

தாண்டவராயன் தண்ணீர் குடித்தார். கழிவறைக்குப் போனார். திரும்பவும் குடித்தார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவனால் நடுவழியில் நிறுத்த முடியாது என்று வருஷக்கணக்கில் தண்ணீரைக் குறைத்தே பழகியவர். இப்போது யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் அந்த இரண்டு தடவையும் சரோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தது அவர் கண்ணில் வந்தது. கவி மட்டும் மறுவாரமே வேலைக்குக் கிளம்பினாள். இவர் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததுபோல ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவையும் தாண்டி இன்னொரு தடவை துணிந்திருக்கிறாள். நிச்சயம் என்று எவனும் எழுதிக் கொடுக்காமலே துணிந்திருக்கிறாள்.

“நான் இன்னாடான்னா ஒரு பொட்டு தெரிஞ்சா ஓடலாம்னு பாக்கறேன்,” என்று பாட்டிலைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கேன் முடிந்தது. சாயந்திரம் டாக்டரைப் பார்க்க வேண்டும். கவி கேன்டீனில், அவர் மரத்தடியில். நடுவில் நாலு தடவை சரோஜா போன் செய்தாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கத் தைரியமில்லாமல் வைத்தாள்.

*

டாக்டர் தணிகாசலம் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. தாண்டவராயன் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

“எம் பொண்ணு சார். கீழ கேன்டீன்ல கீது. கிட்ட வரக் கூடாது, அதான்.”

“புரியுது. நல்ல சேதியை முதல்ல சொல்லிடறேன். எலும்புல எங்கயும் இல்ல. அங்கே போயிருந்தா நான் கத்தியே எடுக்க மாட்டேன்.”

டாக்டர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிற உடம்பின் அடிவயிற்றில் பெரிதாக ஒரு வெளிச்சம். அதற்குச் சற்று மேலே, வலப்பக்கம், பயறு அளவில் மங்கலாக இன்னொன்று.

“பெரிசு தெரிஞ்ச விஷயம்தான், பிராஸ்டேட். இந்தச் சின்னது ஒரு நெறி. ரத்தக்குழாய் ஓரமா இருக்கு.”

“அப்ப பரவிடுச்சி.”

“நான் அப்படிச் சொல்லலையே. லேசாத்தான் தெரியுது. நோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்க ரத்த டெஸ்ட், பயாப்ஸி, எம்.ஆர்.ஐ., இந்த ஸ்கேன் எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். உங்கள மாதிரி பத்துப் பேரை எடுத்துக்கிட்டா நாலு பேருக்கு நெறியில இருக்கும். ஆறு பேருக்கு இருக்காது. நீங்க இந்த நாலா, அந்த ஆறான்னு ஸ்கேன் அடிச்சுச் சொல்லாது. ரொம்பப் பொடிசா இருந்தா அதுக்குத் தெரியவும் தெரியாது.”

“அப்புறம் எதுக்கு சார் இந்த ஸ்கேனு?”

“எவ்வளவு தூரம் கை வைக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நான் பிராஸ்டேட்டை மட்டும் எடுத்துட்டு வர மாட்டேன். ரெண்டு பக்கத்து நெறியையும் அகலமா எடுத்து லேபுக்கு அனுப்புவேன். நிஜம் அங்கதான் தெரியும். இருந்துச்சுன்னா அப்புறம் ஹார்மோன் ஊசி போடணும், கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு குடுக்க வேண்டி வரலாம். இப்ப நீங்க சொல்லணும்.”

ஒரே ஒரு பொட்டுதான் தெரிந்திருந்தது. காலையில் அவர் கேட்டதும் அதைத்தான்.

“கவி, லைன்ல கீறியா?”

“இருக்கேன் நைனா.”

“கேட்டுக்கினு ஒண்ணுமே பேசலியே?”

“பேசக் கூடாதுன்னு கையடிச்சி சத்தியம் வாங்கினியே.”

டாக்டருக்கு இது புரியவில்லை. தாண்டவராயனுக்கு நன்றாகப் புரிந்தது. அடித்துவிட்டு வார்த்தை மாறுகிற பெண்ணை அவர் பெறவில்லை. இப்போது ‘வேணாம் சார்’ என்று எழுந்து போனால் அவள் வாயே திறக்க மாட்டாள். கேன்டீனில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

“நான் கேக்கறேன் இல்ல. பேசு.”

கேன்டீன் இரைச்சலுக்கு நடுவில் கவி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“எங்க எக்ஸ்ரேல சில பீஸ் இப்படித்தான் வரும் நைனா. குமிழா, வெறும் நிழலான்னு தெரியாது. அதை நல்லதுன்னும் தள்ள முடியாது, கெட்டதுன்னும் தள்ள முடியாது. அறுத்துப் பாத்துதான் முடிவு சொல்வாங்க.”

“அறுத்த பீஸு அப்புறம் ஸ்கிராப்புக்குத்தான போவும்?”

“அது அலுமினியம். நீ எங்கப்பா.” அவள் குரல் உடைந்தது. சட்டென்று அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். “உன்னை ஸ்கிராப்புக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்ல நைனா. சந்தேகம்னு ஒரு பொட்டு தெரியுது, அம்மாந்தான். அதுக்கு பயந்துகினு நீ ஓடினா நானும் ஓட வேண்டியதுதான். எனக்கு மட்டும் டாக்டர் கேரண்டியா குடுத்துக்கீறாங்க?”

தாண்டவராயன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அதுக்கப்புறம் நான் பஸ்ஸு ஓட்டலாமா?”

“கொஞ்ச மாசம் சிறுநீர் கட்டுப்பாட்டுல இருக்காது. அதுக்குப் பயிற்சி சொல்லித் தருவோம். நிறையப் பேருக்குச் சரியாயிடுது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்.”

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இனிப்புப் பூசாத பதில்.

“சரி சார். எடுத்துடுங்க. நெறி, பொறி எல்லாத்தையும் எடுங்க. கரண்ட் வைக்கணும்னாலும் வரேன். கவி, அன்னிக்கி வாங்கின சத்தியம் வாபஸ்ஸு.”

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“ஆனா ஒண்ணு,” என்றார் தாண்டவராயன்.

“மறுபடியுமா!”

“உங்கம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடு.”

“நைனா, மூணு மாசம் ஆவட்டும்...”

“நான் ஒரு வருசம் மறைச்சிக்கினு இருந்து இன்னா கண்டேன்? நல்லதோ கெட்டதோ, தனியா வச்சிக்கினு நீ அல்லாட வாணாம். அவ தாங்குவா. தாங்கலன்னா நான் கீறேன். சத்தியம் பண்ணு.”

“எப்பிடிப் பண்றது? நீ மேல, நான் கீழ. கிட்டயும் வரக் கூடாது.”

தாண்டவராயன் சுற்றிப் பார்த்தார். அந்த அறையில் இருந்த ஒரே உள்ளங்கை டாக்டருடையது.

“சார், கையைக் கொஞ்சம் காட்டுங்க.”

டாக்டர் தணிகாசலம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ நோயாளிகளின் சம்மதத்தைக் கையெழுத்தில் வாங்கியிருக்கிறார். இப்படி யாரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இரண்டு வாரத்தில் தன்னை அறுக்கப்போகிற அந்தக் கையில் தாண்டவராயன் ஓங்கி ஒரு அடி அடித்தார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சி நைனா.”

“இப்ப நீ அடி. எனக்குக் கேக்கணும்.”

கேன்டீனில் கவிப்பிரியா அக்கம்பக்கம் பார்த்தாள். அடிக்க ஒரு கை இல்லை. மேஜை மேல் பளாரென்று அடித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பி, “இன்னாம்மா வேணும்?” என்று பயந்து கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் போன் மறுபடி அடித்தது. சரோஜா.

“கவி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காத. காவேரி வந்துட்டுப் போச்சி. உன்னை என்னமோ வேற வேலைக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லுது. அங்க டாக்டர் இன்னா சொன்னாரு? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

மேஜையில் அடித்த கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“ரெண்டு சேதி இருக்கும்மா.”

“நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

“ரெண்டுமே இன்னும் தெரியாதும்மா. ஆனா ரெண்டையும் நாங்க வுடப் போறதில்ல. நீயும் கூட நிக்கணும்.”

மறுமுனையில் சரோஜா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம்.

“உக்காந்துட்டேன்,” என்றாள் சரோஜா. “சொல்லு.”